சாம்பல் முட்டி

"இதை மட்டும் திறக்கச் சொல்லாதேங்கோ, பிள்ளை. அம்மான்ரை அஸ்தி."

உடுப்பிட்டித் தியாகராசா, சிவப்புத் துணி கட்டிய மண் முட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கெஞ்சினார். கெஞ்சி என்ன, ஸ்கேனர் திரையில் முட்டிக்குள் நீளமாக ஓர் இரும்பு தெரிந்ததே!

சோதனை மேசையில் நின்ற உதயகலா மசிவதாக இல்லை. போன மாதம் விமான நிலையப் பாதுகாப்பைச் சோதிக்கப் பயணி வேடத்தில் வந்த ஒருத்தி, பால்மாத் தகரப் பேணிக்குள் பொம்மைத் துப்பாக்கியை ஒளித்து இவளைத் தாண்டிப் போய்விட்டாள். கைக்குழந்தையைப் பார்த்து இரங்கியதற்குக் கிடைத்த பரிசு அது. இன்னொரு தரம் ஏமாந்தால் வேலை இல்லை என்று மேலதிகாரி எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

"இரும்பு ஒண்டு தெரியுது ஐயா. அவிழுங்கோ."

"இராமேசுவரத்துக் கடலிலைதான் இந்த முடிச்சு அவிழோணும். இடையிலை அவிழ்க்கக் கூடாது பிள்ளை."

அடேயப்பா, குரல் எவ்வளவு அழகாக நடுங்குகிறது!

"உந்த நடிப்பெல்லாம் கண்டிட்டன்," என்று அவளே முடிச்சை இழுத்து அவிழ்த்தாள். வரிசையில் நின்ற சனம் "சிவ சிவா" என்றது.

சாம்பலின் மேலே, ஆணித் துளைகளோடு ஓர் இரும்புத் தகடு கிடந்தது.

"செல் குண்டு பட்டு முறிஞ்ச காலுக்கை வைச்சது," என்றார் தியாகராசா, தகட்டைத் தொடாமல். "எரிச்ச பிறகு உதுதான் மிஞ்சினது."

உதயகலா கூனிக் குறுகிப் போனாள். இத்தனை பேர் பார்க்க, ஒரு தாயின் சாம்பலையா கிளறினேன்!

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா. எனக்கேன் உந்தப் புத்தி?"

துணியை மறுபடி கட்டி, முட்டியைக் கும்பிட்டு, இரண்டு கையாலும் கொடுத்தாள். கண் நிறைந்துவிட்டது.

அவர் போகவில்லை. சட்டைப் பையிலிருந்து பாதுகாப்புப் பிரிவின் அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு முடிச்சை அவிழ்த்து, சாம்பலுக்குள் கைவிட்டு, அடியிலிருந்து ஒரு போலி வெடிகுண்டுப் பொட்டலத்தை வெளியே எடுத்தார்.

"தகட்டைக் கண்டதோடை தேடுறதை விட்டிட்டீர், பிள்ளை."

வேலை போகப்போகிற கவலைகூட அவளுக்கு அப்போது வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

"பெத்த தாயின்ரை பேரிலை இப்பிடிப் பொய் சொல்ல உங்களுக்கு வெக்கமில்லையோ?"

தியாகராசா தலை நிமிரவில்லை. தகட்டில் ஒட்டியிருந்த சாம்பலைச் சால்வைத் தொங்கலால் துடைத்தார்.

"சாம்பல் எங்கடை அடுப்புச் சாம்பல், பிள்ளை. தகடு அம்மான்ரைதான்."