வேலி தாண்டிய சுமாக்

பக்கத்து வீட்டு இருதயராஜ் அழகுக்காக வேலியோரம் நட்ட சுமாக் என்ற வேரோடிப் பரவும் செடி, மறுவருஷமே அடைக்கலத்தின் தோட்டத்துக்குள் ஆறு இடத்தில் தலைநீட்டியது. வெட்டினார், வெட்டிய இடத்தைச் சுற்றி இன்னும் நாலு முளைத்தன. இனாமாக எதையும் கொடுத்தறியாத அடைக்கலத்துக்குச் சந்தேகம் வலுத்தது. இடத்தை வளைக்கத்தான் இந்த ஆள் வேரை ஏவிவிடுகிறான்.

"தம்பி, உங்க செடியக் கொஞ்சம் அடக்கி வைங்க. தினமும் எங்க வீட்டுக்கு விருந்துக்கு வருது."

பனிக்குச் சிவந்திருந்த இலைகளை இருதயராஜ் நிதானமாகப் பார்த்தான்.

"அதில்லண்ணே, செடி உங்க பக்கம் வந்துச்சா, இல்ல வேலி எங்க பக்கம் வந்துச்சா?"

போன மழையில் சாய்ந்த வேலியை நிமிர்த்தி நட்டது அடைக்கலம்தான். அதுவும் இருதயராஜ் ஊரில் இல்லாத வாரத்தில்.

"நல்லாக் கேட்டீங்க, போங்க!" என்று அடைக்கலம் சிரித்தார்.

மறுநாள் காலை, இருதயராஜ் கண்ணில் படும்படியாக நின்று, தன் பக்கம் முளைத்த ஒவ்வொரு சுமாக் கன்றுக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.