சும்மா கிடந்த மெஷின்

“லாக்ல ஒண்ணுமே வரலையே, டேவிட்சன்! உங்க ஏஜென்ட் தூங்குதா?”

ஹெட்போனுக்குள் மேனேஜர் அபிஷேக்கின் குரல் சூடாக இறங்கியது. அவர் கோயம்புத்தூர் ஆபீசில் இருந்தார். டேவிட்சன் சங்கரன்கோவிலில், வீட்டு முன்னறையில்.

“தூங்கல சார். பெரிய கோளாறு வந்தா மட்டும் எழுதுன்னு வச்சிருக்கோம். அதான் வாயத் திறக்கல. இப்பம் மாத்துதேன்.”

ஏஜென்ட் என்பது ஆள் அல்ல. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களின் கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்துகொண்டு, யார் வேலை செய்கிறார்கள், யார் சும்மா இருக்கிறார்கள் என்று கவனிக்கிற சாஃப்ட்வேர். அது எழுதிவைக்கிற குறிப்புதான் லாக். எதை எழுத வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பது டேவிட்சனின் வேலை.

“ஒரே ஒரு மெஷின்தான் எனக்கு வேணும். தினமும் காலையில ரொம்ப நேரம் சும்மாவே கிடக்குதாம். மத்தியானம் எச்.ஆர். மீட்டிங். ஆதாரம் கிடைச்சா ஆளை இன்னிக்கே அனுப்பிடலாம்.”

டேவிட்சன் காலை ஆட்டிக்கொண்டே டைப் அடித்தான். போன மாதம் குருவிகுளத்துக்காரன் ஒருவனை இப்படித்தான் ஒரே நாளில் அனுப்பினார்கள். அன்றிலிருந்து போன் அடித்தாலே முதல் மணியிலேயே எடுத்துவிடுவான். வெளியே புளியங்குடி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. பக்கவாதத்தில் படுத்துவிட்ட அப்பா ஞானஒளிவு முனகினார்.

“ஏங்க, ஒரு கை பிடிங்களேன். மாமாவத் திருப்பணும். துணியெல்லாம் நனைஞ்சிட்டு,” என்று மனைவி ஜெபிதா கூப்பிட்டாள்.

மைக்கை அணைத்தான். “ஏட்டி, மேனேஜர் லைன்ல இருக்காரு. சத்தம் போடாத. நீயே பாத்துக்கோ.”

“சரி, நீங்க பாருங்க.”

வாளியை இழுக்கும் சத்தம் கேட்டது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, மைக்கைப் போட்டான். செட்டிங்கை மாற்றி, ஏஜென்டை நிறுத்தி மறுபடி ஓடவிட்டான். திரையில் வரிகள் சரசரவென்று இறங்கின. எல்லா வரியிலும் ஒரே சொல்: ஐடில். ஐடில். ஐடில்.

“வந்துட்டு சார்! கீபோர்டத் தொடவே இல்ல. மவுஸும் அசையல.”

“பாத்தீங்களா? சம்பளம் மட்டும் டாண்ணு வந்துடணும்.”

மேனேஜரின் கோபம் வேறு பக்கம் திரும்பியதில் டேவிட்சனுக்கு மூச்சு வந்தது. “சில பேருக்கு வீட்ல இருந்து வேலைன்னா லீவுன்னு நெனப்பு, சார்,” என்று சிரித்தான்.

“உங்க வேலையையும் பாத்திருக்கேன், டேவிட்சன். நடுவுல ஒரு இடைவெளி கூட இருக்காது. உங்கள மாதிரி ஆளுங்கதான் வேணும். ஆமா, இதுல மெஷின் நம்பர் மட்டும்தானே வருது? பேர் எங்க?”

“பேர மறைச்சுதான் வச்சிருக்கோம், சார்.”

“இப்போ சேருங்க. எச்.ஆர். கேப்பாங்க.”

ஒரு கணம் தயங்கினான். யாரோ ஒருவரின் சோறு. ஆனால் தன் சோறும் இதில்தானே இருக்கிறது? பெயரையும் எழுதச் சொல்லி ஒரு வரி சேர்த்தான். மறுபடி ஓடவிட்டான்.

“பேர் வந்துச்சா?”

டேவிட்சன் திரையில் வந்த பெயரை இரண்டு தரம் படித்தான். ஹெட்போனோடு எழுந்துபோய், சாத்தியிருந்த கதவைத் திறந்தான்.

அப்பாவின் பாரத்தை ஒற்றைத் தோளில் தாங்கி, முழங்கை வரை ஈரத்தோடு நின்றாள், அந்தக் கம்பெனியில் முதலில் சேர்ந்து அவனுக்கும் வேலை வாங்கிக் கொடுத்த ஜெபிதா. பக்கத்து ஸ்டூலில் அவளுடைய ஆபீஸ் லேப்டாப் திறந்தபடி சும்மா கிடந்தது.

“யாருங்க அந்த ஆளு, டேவிட்சன்?”

“என் வீட்டுக்காரிதான் சார்,” என்றபடி அப்பாவின் மறுபக்கத் தோளைப் பிடித்தான் டேவிட்சன். “சும்மா இல்ல, இவ்வளவு நாளும் என் வேலையப் பாத்துக்கிட்டிருந்திருக்கா.”