காத்து மோட்டாருக்கு நல்ல நேரம்

மாப்பிள்ளை வீட்டார் கேசரியை வாயருகே கொண்டுபோன நேரம் பார்த்து, தெருக்கோடிக் குளத்தில் காத்து மோட்டார் உறுமியது.

சசிகலாவுக்குத் திக்கென்றது. பெண் பூவிழி அவளுக்குப் பக்கத்து வீடு, மாப்பிள்ளை பென்னாகரத்தில் தூரத்து உறவு. இரண்டு பக்கத்தையும் முடிச்சுப் போட மாசக்கணக்கில் அலைந்தவள் அவள்தான்.

குளம் என்றதும் தாமரையை நினைக்க வேண்டாம். தக்காளிக் கூழ் ஆலையின் கழிவுநீர் தேங்குகிற குளம். பழைய மோட்டார்கள் செத்து, அடியில் கறுப்புச் சேறு படிந்து, தெருவே அந்த வாடைக்குப் பழகிப்போயிருந்தது. இப்போதுதான் புதுசாக மூன்று காத்து மோட்டார் வந்திருக்கிறது. மிதவை மேல் மோட்டார், அடியில் விசிறி. தண்ணீரை அள்ளி மேலே வீசிக் காற்றைக் கலக்கும்.

"மொத ரெண்டு நாளு அடியில கெடக்கறதெல்லாம் மேல வந்து நாறும். அப்பறம் வாடையே இருக்காதுங்க" என்று ஆபரேட்டர் தீர்த்தகிரி முன்னாலேயே சொல்லிவிட்டான்.

பெண் பார்த்துவிட்டுப் போகும்வரை சுவிட்சில் கை வைக்கக் கூடாது என்று சசிகலா தெருவையே திரட்டிக்கொண்டு போய் அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

வாங்கி என்ன பிரயோசனம்.

வாடை நேரே கூடத்துக்கு வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டது.

கல்யாணத்துக்கு அப்புறம் பூவிழி இப்போது பார்க்கிற வேலைக்குப் போகக் கூடாது என்று அழுத்திச் சொல்லிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அம்மா, அந்த வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். மாமா ஒருவர் கேசரித் தட்டோடு எழுந்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் செருப்பு ஸ்டாண்டில் வைத்துவிட்டு வேனில் ஏற, மற்றவர்களும் பின்னாலேயே ஏறினார்கள். போய்ப் போன் பண்ணுகிறார்களாம். அது எந்த ஊர்ப் போன் என்று சசிகலாவுக்குத் தெரியாதா?

வேன் திரும்புவதற்குள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குளத்துக்கு ஓடினாள். வழிநெடுக வாசலுக்கு வாசல் ஒரு தலை நீண்டு, "என்னாச்சுக்கா?" என்றது. சசிகலா பதில் சொல்லாமல் போனதே அன்றைக்குத் தெருவுக்கு ஒரு சேதி.

குளத்தில் மூன்று மோட்டாரும் குடை குடையாகத் தண்ணீரை விரித்துக்கொண்டிருந்தன. அந்த ஆத்திரத்திலும் ஒரு நொடி வாயைப் பிளந்து பார்க்கத்தான் செய்தாள்.

"ஏம்ப்பா, யாரு உன்னப் போடச் சொன்னது? ஒரு பொண்ணு வாழ்க்கையில மண்ண அள்ளிப் போட்டுட்டியே."

தீர்த்தகிரி விழித்தான். "பூவிழிதாங்க்கா போன் பண்ணுச்சு. 'ஒக்காந்துட்டாங்கண்ணா, இப்பப் போடுங்க'ன்னுச்சு. எதுக்கும் ரெண்டு வாட்டி கேட்டுட்டுத்தான் போட்டனுங்க."

சசிகலா திரும்பி வந்தபோது வாசலில் தெருவே கூடியிருந்தது. பூவிழியின் அம்மா பானுமதி அழுத கண்ணோடு அவள் கையைப் பிடித்தாள். "யாருக்கா போட்டது?"

கதவோரம் பட்டுச்சேலையில் பூவிழி. கண் கொட்டாமல் சசிகலாவையே பார்த்தபடி.

இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு சேதி சசிகலாவின் கைக்கு வந்ததில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது.

"ஆட்டோ ஸ்டார்ட்டாம். கரண்டு வந்ததும் அதுவா ஓடிருச்சாம்" என்றாள்.

கூட்டம் ஏமாந்து கலைந்தது.

மாப்பிள்ளைக்கென்று ஆற்றி வைத்திருந்த காபியைப் பூவிழி எடுத்து வந்து சசிகலாவிடம் நீட்டினாள். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.