ஒற்றை எண்ணுக்குச் சத்துமா

தராசுத் தொட்டிலில் வைக்கத் தூக்கியபோது, குழந்தை சிமியோனின் இடுப்பில் கட்டியிருந்த துணிப்பட்டி அறுந்தது. உள்ளேயிருந்து மீன் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகள் சீமெந்துத் தரையில் பொலபொலவென்று கொட்டின.

தாதி ஸ்ரெல்லா மிஸி பிள்ளையைக் கையில் வைத்தபடி குனிந்து ஒரு குண்டை எடுத்துப் பார்த்தாள்.

அது அந்தோனியாருக்கு நேர்ந்து கட்டின பட்டி, பிள்ளை தேறும்வரை அவிழ்க்கக்கூடாது என்று தாய் லூர்த்தம்மா மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஸ்ரெல்லாவும் வேதக்காரிதான். நேர்த்தியில் கைவைக்க மனம் வராமல் பட்டியோடேயே நிறுத்து எழுதிவந்தாள்.

இப்போது பட்டி இல்லாமல் நிறுத்தாள். ஏழு கிலோ எண்ணூறு. போன மாதம் கொப்பியில் எழுதியது எட்டே முக்கால்.

"பிள்ளைக்குத் தந்த மாவை என்ன செய்தனீர்?"

லூர்த்தம்மா குனிந்து குண்டுகளைப் பொறுக்கினாள்.

"கொடிகாமத்துச் சந்தையிலை சத்துமா விலைப்படுதெண்டு சொன்னவை. நான் நம்பேல்லை. பெத்த தாய் செய்யிற வேலையே இது?"

"விக்கேல்லை மிஸி."

"அப்ப ஏன் ஈயம்?"

"நிறை ஏறாட்டி மாவை நிப்பாட்டிப்போடுவமெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

சொன்னது உண்மைதான்.

கடலுக்குப் போகத் தடை. குருநகர்ச் சனம் ஷெல்லுக்குப் பயந்து இந்தப் பள்ளிக்கூடத்து விறாந்தையில் வந்து ஒதுங்கி இரண்டு வருஷமாகிறது. பால்மாவைக் கண்ணால் காண்பதே அருமை. டொக்டர் தில்லைநாதன் பனங்கிழங்கு காயவைத்த ஒடியலும் பயறும் குரக்கனும் சேர்த்து ஒரு சத்துமா திரித்தார். எவ்வளவு தெண்டித்தும் பன்னிரண்டு பிள்ளைக்கு மேல் அவரால் திரிக்க முடியவில்லை. மாவால் பிள்ளைகள் தேறுகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்து காட்டினால், குடாநாட்டு முகாம்கள் எல்லாவற்றுக்கும் மா கொடுப்பது தங்கள் பொறுப்பு என்று ஒரு வெளிநாட்டு உதவிச் சங்கம் எழுதியிருந்தது.

இருபத்துநான்கு பிள்ளைகளுக்கு ஸ்ரெல்லாதான் எண் போட்டாள். ஒற்றை எண் பிள்ளைக்குக் கிழமைக்கு ஒரு பைக்கற் மா. இரட்டை எண் பிள்ளைக்கு முதலிலும் கடைசியிலும் நிறுவை மட்டும். இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டால்தான் மாவின் பலன் தெரியுமாம். இரட்டை எண் தாய்மாரின் முகத்தைப் பார்க்காமல் பைக்கற்றைக் கொடுக்க அவள் பழகிக்கொண்டாள். ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டால் பிறகு எல்லாருக்கும் கிடைக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

இன்றைக்குத்தான் கடைசி நிறுவை.

மற்ற ஒற்றை எண் பிள்ளைகளையும் கூப்பிட்டு, கட்டியிருந்த நேர்த்திப் பட்டிகளை அவிழ்த்துப் பார்த்தாள். பதினொன்றிலும் ஈயம். மாதத்துக்கு மாதம் ஒன்றிரண்டு குண்டு கூட்டித் தைத்திருந்தார்கள். அந்தோனியாரையும் கூட்டுச் சேர்த்து ஏமாற்றிவிட்டார்களே என்று அவளுக்கு நெஞ்சு பற்றி எரிந்தது.

டொக்டர் வந்தார். வெள்ளிக்கிழமைச் செஞ்சிலுவைக் கப்பலில் கொழும்புக்கு அனுப்பவேண்டிய ஆராய்ச்சிக் கட்டுரையை, கடைசி நிறையை மட்டும் விட்டு, தட்டச்சுக்கூடச் செய்து வைத்திருந்தார். வன்னியிலும் மன்னாரிலும் உள்ள டொக்டர்மாருக்கும் படி எடுத்திருந்தார். அவர் யாரையும் ஏசவில்லை. பன்னிரண்டு பிள்ளைகளையும் திரும்ப நிறுக்கச் சொல்லிவிட்டு, பட்டி கட்டமுன் எடுத்த முதல் நிறையோடு கணக்குப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆறு மாசத்திலை ஒரு பிள்ளைக்கு நானூறு கிராம்கூட ஏறேல்லை. இந்த மாவாலை பிரயோசனமில்லையெண்டுதான் எழுதவேணும்."

"இவை மாவை வித்திருந்தா, டொக்டர்?"

"வித்ததை ஆர் கண்டது? என்ரை கையிலை இருக்கிறது நிறை மட்டும்தான்."

அப்படி எழுதினால் மா வராது. மாரி தொடங்க வயிற்றோட்டமும் தொடங்கும். இந்த விறாந்தையில் எத்தனை பிள்ளைகள் தைப்பொங்கலைக் காணும் என்று இருவருக்கும் தெரியும். போன மாரியில் நான்கு பிள்ளைகளை இங்கிருந்துதான் தூக்கிப் போனார்கள்.

ஸ்ரெல்லாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. லூர்த்தம்மாவிடம் திரும்பினாள்.

"இந்தப் பன்னிரண்டும் தேறியிருந்தா எல்லாப் பிள்ளையளுக்கும் மா வந்திருக்கும். கெடுத்துப்போட்டியளே."

லூர்த்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மிச்சம் இருந்தது இரட்டை எண் பிள்ளைகளின் நிறுவை. இனி நிறுத்து என்ன, நிறுக்காமல் விட்டு என்ன. கடமைக்கு ஒவ்வொன்றாகத் தூக்கித் தொட்டிலில் வைத்தாள். சிசிலியாவின் மகள், எண் பத்து. எண் பன்னிரண்டு. எண் பதினான்கு. டொக்டர் பக்கத்தில் நின்று எழுதினார். எழுத எழுத அவருடைய கை மெதுவாகியது.

"ஸ்ரெல்லா, இதுகளுக்கு நாங்கள் ஒண்டுமே குடுக்கேல்லை. கஞ்சித்தண்ணியிலை கிடக்கிற பிள்ளையள். இதுகள் இறங்கியிருக்கவேணும்."

அவள் கொப்பியை எட்டிப் பார்த்தாள். ஒன்றுகூட இறங்கவில்லை. மா கொடுத்த பிள்ளைக்கு ஏறிய அதே சொற்ப நிறை, கொடுக்காத பிள்ளைக்கும் ஏறியிருந்தது.

டொக்டர் லூர்த்தம்மாவுக்கு முன்னால் போய் நின்றார்.

"உண்மையைச் சொல்லும். ஒரு பைக்கற் மாவை எத்தினை பிள்ளையள் திண்டது?"

"ரெண்டு, ஐயா."

மிச்சத்தை அவளாகத்தான் சொன்னாள்.

"ரெண்டும் ஒரே பாயிலை படுக்கிற பிள்ளையள். நீங்கள் எண் பாத்துத் தந்தியள் ஐயா. ஒண்டுக்கு ஊட்டேக்கை மற்றதும் வாயைத் திறந்துகொண்டு வந்து நிண்டா, நீ இரட்டை எண், அங்காலை போ எண்டு நாங்கள் கலைக்கிறதோ?"