மிஞ்சிய கற்றை

மகளின் தலையைத் துவட்டி, ட்ரையர் போட்டு, வேர்வரை காய்ந்ததைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பின்ன உட்கார்ந்தேன். ஈரத்தோடு பின்னினால் முடி உடையும். மூன்றாகப் பிரித்து, நுனிவரை பின்னி ரப்பர் போட்டேன். பின்னலுக்கு வெளியே ஒரு கற்றை மிஞ்சியிருந்தது. மூன்றுவரை எண்ண எனக்குத் தெரியாதா என்ன? அவிழ்த்துப் பின்னினேன். மறுபடியும் மிஞ்சியது. தொட்டால் சொட்டச் சொட்ட ஈரம்.

"ஆடாம உக்காருடி!"

"நான் ஆடலம்மா. அது என்னுது இல்ல, விட்டுடு."

பள்ளி வேன் ஹாரன் அடித்தது. அந்தக் கற்றைக்கு ஹேர்பின் குத்தி அனுப்பினேன்.

சாயங்காலம் வந்தவளின் பின்னலை அவிழ்த்தேன். வெளியே நல்ல வெயில். மூன்று கற்றையும் ஈரம். ஹேர்பின் குத்தியது மட்டும் காய்ந்திருந்தது.

"என்னடி இது?"

மகள் அதைத் தடவிப் பார்த்தாள்.

"இப்ப இது மட்டுந்தாம்மா என்னுது."