சந்தாவை நிறுத்த வந்தவர்கள்

"நிறுத்தணும்னா ஒரு காரணம் சொல்லணும் சார்" என்றாள் கவுண்டர் பெண், சிரிப்பு மாறாமல்.

எதிரே நின்ற பெயின்டர் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். "என் பொண்ணு பத்தாவது பாஸ் பண்ணிட்டாம்மா. அதுக்கு மேலயும் படிச்சு இப்ப காலேஜுக்கே போறா. நீங்க இன்னும் மாசாமாசம் என் பேங்க்லேருந்து காசை எடுத்துக்கிட்டு, அவளுக்குப் போன்ல பத்தாவது கணக்குப் பாடம் அனுப்பிக்கிட்டு இருக்கீங்க."

"ரொம்ப சந்தோஷம் சார். அப்போ மூணு மாசத்துக்குப் பாதி விலையில தரோம். தொடருங்களேன்."

"யார் படிக்கிறது? நானா?"

"நீங்களும் படிக்கலாம் சார். வயசு ஒரு தடையே இல்ல."

பின்னால் களுக்கென்று ஒரு சிரிப்பு கேட்டது. திரும்பிப் பார்த்தார். சுவரோரக் கடைசி நாற்காலியில் இருந்த பெண் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாற்பது வயதிருக்கும். இஸ்திரி மடிப்புக் கலையாத சேலை. காலில் வார் அறுந்து ஊக்குக் குத்திய செருப்பு. மற்றவர்கள் எல்லாரும் டோக்கனும் கையுமாக இருக்க, இவள் மட்டும் வெறுங்கையோடு உதட்டுக்குள் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்ததை உள்ளே நுழையும்போதே அவர் கவனித்திருந்தார். நம்மைப் போல மாட்டிக்கொண்ட ஜீவன், சண்டைக்கு ஒத்திகை பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"எனக்கு எந்தச் சலுகையும் வேணாம்மா. நிறுத்திடு, புண்ணியமாப் போகும்."

"நேர்ல வந்தா நிறுத்த முடியாது சார். போன்லதான் நிறுத்தணும்."

"போன் பண்ணிப் பண்ணி விரலே தேஞ்சு போச்சு. பாட்டுதான் போடறீங்க. அந்தப் பாட்டு எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு."

"அடுத்த டோக்கன்!"

பெயின்டர் திரும்பி நடந்தார். சாரத்திலிருந்து பாதி வேலையில் இறங்கி வந்தவர். முழங்கையில் பச்சை பெயின்ட் இன்னும் முழுதாகக் காயவில்லை. இப்படித் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியேறுவது அவருக்குப் புதிதும் இல்லை.

"அண்ணே, நில்லுங்க."

அந்தப் பெண்தான். மேனேஜர் அறைக் கதவை ஒருமுறை பார்த்தாள். பிறகு எழுந்தே விட்டாள். "அந்த நம்பருக்கு இங்கேருந்தே அடிங்க."

அடித்தார். கவுண்டர் மேசை மேலிருந்த போன் கணகணவென்று ஒலித்தது.

கவுண்டர் பெண் போனைப் பார்த்தாள், பெயின்டரைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் எடுத்து, அவர் முகத்துக்கு நேராகவே ஒப்பித்தாள்: "எங்க ஊழியர்கள் எல்லாரும் வேற வாடிக்கையாளர்களோட பேசிக்கிட்டு இருக்காங்க. தயவுசெய்து காத்திருங்க."

கூடமே கொல்லென்று சிரித்தது. பெயின்டருக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது.

"காத்திருக்கணுமா? சரி, காத்திருக்கேன்!" என்றவர், கவுண்டருக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "நிறுத்துற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். போலீசைக் கூப்பிடு, யாரை வேணா கூப்பிடு."

சத்தம் கேட்டு மேனேஜர் வெளியே வந்தார். "என்ன கலாட்டா இங்க? எந்திரிங்க பெரியவரே. எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு."

"என்ன சார் முறை?" அந்தப் பெண் அவருக்கும் பெயின்டருக்கும் நடுவில் வந்து நின்றாள். முதலில் குரல் நடுங்கியது. போகப் போக நிமிர்ந்தது. "சேரும்போது இவரைக் காரணம் கேட்டீங்களா? ஒரு பட்டனைத் தட்டினதும் சேர்த்துக்கிட்டீங்க. விலகணும்னா மட்டும் காரணம் சொல்லு, போன் பண்ணு, பாட்டுக் கேளு. உள்ளே வர்றதுக்கு வாசலை வச்சுட்டு, வெளியே போறதுக்குச் சுவரை வச்சா எப்படி சார்?"

"அதானே!" என்றார் ஒருவர். "எனக்கும்தான் நிறுத்தணும். ஆறாவது தடவையா வரேன்" என்று கைக்குழந்தைக்காரி ஒருத்தி எழுந்தாள். நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டன. யாரோ செல்போனைத் தூக்கிப் படம் பிடிக்கத் தொடங்கினார்கள்.

மேனேஜர் அந்தச் செல்போனைப் பார்த்தார். முகத்தில் அசடு வழிந்தது. கவுண்டர் பக்கம் குனிந்து, "நிறுத்தித் தொலை. நிறுத்தணும்னு கேக்கிற எல்லாருக்கும் நிறுத்து" என்று பல்லைக் கடித்தார்.

அத்தனை நாளாக முடியாத வேலை, கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. பெயின்டரின் போன் சிணுங்கியது. 'உங்கள் சந்தா ரத்து செய்யப்பட்டது.' அதை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் தரையிலிருந்து எழுந்தார். அந்தப் பெண்ணைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஊரைக் கூட்டிட்டீங்க, திருப்திதானே?" மேனேஜர் அவள் பக்கம் திரும்பினார். "உங்களோடதையும் நிறுத்திடறேன். நம்பரைச் சொல்லிட்டு இடத்தைக் காலி பண்ணுங்க."

"எனக்குச் சந்தா எதுவும் இல்ல சார்."

"இல்லையா? அப்போ எதுக்கு இங்க வந்து உக்காந்திருந்தீங்க?"

அவள் சேலை மடிப்பை நீவி விட்டுக்கொண்டாள். அவர் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"விலகிப் போறவங்களைப் பேசிப் பிடிச்சு வைக்க ஆள் வேணும்னு இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தீங்களே, அதுக்குத்தான் சார்."