தெளிவான படம்

மனைவி தன் போனை நீட்டியது தொடக்கத்திலேயா, பாதியிலா என்று தணிகைவேலுக்கு இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஊரில் அம்மாவின் தம்பிக்கு நடந்த இறுதிச் சடங்கை நேரலையில் காட்டினார்கள். அவனுடைய லினக்ஸ் கணினியில் ஒப்பாரி மட்டும் கேட்டது. படம் உறைந்து நின்றது.

“அத்தை, இதுல பாருங்க,” என்றாள் மனைவி.

“அந்தச் சின்னத் திரையில அம்மாவுக்கு என்ன தெரியும்? இரு, இதோ வந்துரும்,” என்று அவன் படம் காட்டும் டிரைவர் மென்பொருளை மாற்றினான், கணினியை அணைத்து மறுபடி போட்டான். விட்டுக்கொடுக்க மனமில்லை. தம்பி முகத்தைக் கடைசியாகப் பார்க்க அம்மா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

படம் வந்தபோது பாடை போய்விட்டிருந்தது. யாரோ வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

“நல்லாத் தெளிவா இருக்குப்பா,” என்றாள் அம்மா.

மாமா அன்றே சாம்பலானார். அடுத்த மழைக்காலத்தில் அம்மாவும் போனாள். அன்று போனை நீட்டியதைப் பற்றி மனைவி ஒருமுறைகூடப் பேசவில்லை.